ஓலா... மே யாமோ!

ஒரு சின்ன வேலை. இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு, எழுந்து நின்று, உங்களை நீங்களே சத்தமாக அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். இங்கிலீஷில்!

என்ன, தொண்டை கரகரக்கிறதா? 'மை நேம் இஸ்'ஸா, 'ஐ யம்'மா, 'மைசெல்ஃப்'பா என்று உள்ளுக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கிறதா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் டிகிரி முடித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். மூணு வருஷம் எழுதிய பரீட்சைகளையெல்லாம்விடப் பெரிய பரீட்சை, இன்டர்வியூவின் முதல் ஒரு நிமிஷம்தான். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்!' தமிழில் சொன்னால், 'நீ யாரும்மா?'. அவ்வளவுதான் கேள்வி. உலகத்திலேயே நமக்கு மட்டும்தான் முழு பதிலும் தெரிந்த கேள்வி. அதற்குத்தான் வியர்க்கிறது!

என் நண்பர் ஒருவரின் மகள். மயிலம் பக்கத்துக் கிராமம். என்னைப் போலவே பி.காம். ஆனால், என்னைப் போல் இல்லாமல் அக்கவுன்ட்ஸில் புலி. டிரையல் பேலன்ஸ் உதைக்கிறது என்றால், எந்த இடத்தில் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனாள். 'மைசெல்ஃப்...' என்று ஆரம்பித்ததும், எதிரே உட்கார்ந்திருந்த மூணு பேரில் ஒருத்தர் பக்கத்துச் சீட்காரரைப் பார்த்து லேசாகச் சிரித்திருக்கிறார். "அதுக்கப்புறம் எங்க ஊர் பேரே ஞாபகத்துக்கு வரலை அங்கிள்" என்றாள். தேய்மானம் பற்றியோ பேலன்ஸ் ஷீட் பற்றியோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

'மைசெல்ஃப்' என்று ஆரம்பிப்பது இங்கிலீஷில் தப்புதான். நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால், அந்தச் சிரிப்பு இலக்கணத்தைப் பார்த்தா வந்தது? 'எந்த ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்கு இது' என்று பார்த்து வந்தது. நம் ஊரில் இங்கிலீஷைப் பல பேர் சல்லடையாகத்தான் வைத்திருக்கிறார்கள். சலித்துக் கீழே தள்ளுவதற்கு.

இப்போது ஸ்பானிஷுக்கு வருகிறேன். எனக்கு வயசு 46. இந்த வயதில் சிலர் வாக்கிங் போகிறார்கள், சிலர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். நான் ஸ்பானிஷ் படிக்கிறேன். திண்டிவனத்தில் ரயில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம். செல்போனைக் காதில் செருகிக்கொண்டு, அந்த இடைவெளியில் ஒரு பாடம். 'பக்கத்துல பாண்டிச்சேரியை வெச்சுக்கிட்டு பிரெஞ்சு படிக்காம இது எதுக்குய்யா?' என்று கேட்காத ஆள் இல்லை. பிரெஞ்சில் பாதி எழுத்தை எழுதிவிட்டுப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள் சார். ஸ்பானிஷ் அப்படி இல்லை. ஒருசில விதிகளைக் கற்றுக்கொண்டால் போதும், எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். 20 நாடுகளில் ஆட்சிமொழி. சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி.

முதல் பாடமே அறிமுகம்தான். 'ஓலா' என்றால் வணக்கம். எழுதும்போது முன்னால் ஒரு 'ஹெச்' இருக்கும், அதற்குச் சத்தமே கிடையாது. 'மே யாமோ...' என்று சொல்லிப் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்தது, 'சோய் தே விழுப்புரம்.' நான் விழுப்புரத்துக்காரன். கடைசியில் 'முச்சோ குஸ்தோ', உங்களைச் சந்தித்ததில் ரொம்ப மகிழ்ச்சி. முடிந்தது!

இதைச் சொல்லிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நம் நாக்கு இதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது! அவர்களுடைய 'த'வும் நம் 'த'வும் ஒன்று. பல்லில் நாக்கு படும் அதே இடம். அ, இ, உ, எ, ஒ என்று ஐந்தே உயிர்ச் சத்தம். ஆங்கில 'என்' எழுத்தின் தலையில் ஒரு வளைவுக்கோடு போட்டால் அது நம் 'ஞ'. இங்கிலீஷ்காரர்கள் தலைகீழாக நின்றாலும் லேசில் வராத ஒரு விஷயம் உண்டு. 'பெரோ' என்று மெல்லச் சொன்னால் 'ஆனால்'. அதையே நாக்கை உருட்டி 'பெறோ' என்று அழுத்திச் சொன்னால் நாய்! கரிக்கும் கறிக்கும் வித்தியாசம் சொல்லித்தர அஞ்சாங்கிளாஸில் நம் தமிழ் வாத்தியார் தலையில் குட்டினாரே, அந்தக் குட்டுக்கு மாட்ரிட்டில் மதிப்பு இருக்கிறது.

இலக்கணமும் அப்படித்தான். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் 'பேசுகிறேன்' மாதிரி, வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடும். 'நீ'க்கு 'தூ', 'நீங்க'ளுக்கு 'உஸ்தெத்' என்று மரியாதைக்குத் தனி வார்த்தை. 'சோய் பெரியோதிஸ்தா' என்றால் நான் பத்திரிகையாளன். இங்கிலீஷில் அந்த 'ஏ'வைப் போடலாமா, விடலாமா என்று தவிப்போமே, அந்தத் தவிப்பு இந்த இடத்தில் கிடையாது. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிற வாக்கியத்தின் கட்டுமானத்தை அப்படியே தூக்கி வைக்கலாம்: 'மே குஸ்தா எல் கஃபே'. வயதைச் சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை. 'தெங்கோ 46 ஆஞோஸ்.' அந்த 'ஞ'வின் வளைவுக்கோட்டை விட்டுவிட்டால் வயசு போய், உடம்பின் பின்பக்கச் சமாச்சாரம் ஒன்று வந்து நிற்கும். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை, இதோடு விடுகிறேன்.

கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. மேசைக்கும் நாற்காலிக்கும் எல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டு. இருக்கிறேன் என்பதற்கு 'சோய்', 'எஸ்தோய்' என்று இரண்டு. ஊர்க்காரன் என்பதற்கு 'சோய்', இப்போதைக்கு ரயிலில் இருக்கிறேன் என்பதற்கு 'எஸ்தோய்'. மாற்றிப் போட்டால், 'போரடிக்குது' என்று சொல்லப்போய், 'நான் ஒரு போர்' என்று அர்த்தமாகிவிடும். சில பேர் விஷயத்தில் அது சரியாகவே இருக்கும்.

பெயர்களில்தான் வேடிக்கை. உங்கள் பெயர் மாலா என்றால், தயவுசெய்து 'சோய் மாலா' என்று அறிமுகம் செய்துகொள்ளாதீர்கள். 'நான் கெட்டவள்' என்று அர்த்தம்! லதா என்றால் தகர டின். ராஜா என்று எழுதினால் 'ராஹா' என்று வாசிப்பார்கள், அதற்கு அர்த்தம் விரிசல், அல்லது பழத்தில் வெட்டிய ஒரு துண்டு. விழுப்புரத்துக்கும் தப்பிக்க வழியில்லை. இங்கிலீஷில் ரெண்டு 'எல்' போட்டு எழுதுகிறோமே, அவர்களுக்கு ரெண்டு 'எல்' என்றால் 'ய', 'வி' என்றால் 'பி'. ஆக, நம்ம ஜங்ஷன் 'பியுபுராம்' ஆகிவிடும்!

மணிகளே, உங்களுக்குத் தனிச் செய்தி. 'மனி' என்றால் கியூபா, அர்ஜென்டினா பக்கமெல்லாம் வேர்க்கடலை. கியூபாவில் வேர்க்கடலை விற்பவன் கூவுகிற கூவலை வைத்தே 'எல் மனிசேரோ' என்று ஒரு பாட்டு உண்டு. 1930-ல் நியூயார்க்கில் பதிவான அதன் இசைத்தட்டு உலகமெல்லாம் விற்றது.

வேர்க்கடலையை நம் பக்கத்தில் யார் வேர்க்கடலை என்கிறார்கள்? மல்லாட்டை! மணிலாக்கொட்டை என்பதுதான் மருவி மல்லாட்டை ஆனது. மணிலா, பிலிப்பைன்ஸில் ஸ்பானியர்கள் ஆண்ட ஊர். 1565 முதல் 1815 வரை, மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் ஸ்பானிஷ் கப்பல்கள் வருஷா வருஷம் பசிபிக்கைத் தாண்டிப் போய் வந்தன. தென் அமெரிக்காவில் பிறந்த கடலை எந்தத் திசையிலிருந்து நமக்கு வந்தது என்று பெயரிலேயே முகவரி ஒட்டியிருக்கிறது. வந்த பயிர், இங்கேயே வேர் பிடித்தும்விட்டது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று கடலை ரகங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த டி.எம்.வி. வேறு யாருமில்லை, திண்டிவனம்தான். வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். புளிக்கு ஸ்பானிஷில் 'தமரிந்தோ'. அரபியில் 'இந்தியப் பேரீச்சை' என்று சொன்னது மருவி வந்த வார்த்தை. மெக்ஸிகோவில் தெருவுக்குத் தெரு புளித் தண்ணீர் விற்கிறார்கள், நம் பானகம் மாதிரி. 'சோய் தே திண்டிவனம்' என்று சொல்லிவிட்டு 'தமரிந்தோ' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், ஊர் புரிந்துவிடும்.

கொஞ்சம் இடறுகிற இடம், 'அபெயீதோ'. அதாவது, குடும்பப் பெயர். ஸ்பானிஷ் நாடுகள் பலவற்றில் ஃபாரத்தில் ரெண்டு கேட்பார்கள். முதலாவது அப்பா வழி, ரெண்டாவது அம்மா வழி. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் என்கிறோமே, அதில் மார்க்கேஸ் அம்மா வழிப் பெயர். நம்மிடம் இருப்பதோ ஒற்றை இனிஷியல். 1929-ல் நடந்த செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்டார்கள். பேருக்குப் பின்னால் வால் இல்லாமல் நாம் நிற்பதன் பின்னே அப்படி ஒரு கதை. அந்தக் காலி இடத்தை நான் பெருமையோடுதான் விடுவேன். ஆனால், அம்மா பேருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போன மாசம் ஒரு நாள், நான் ரயிலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மயிலத்தில் ஏறினாள். "என்ன அங்கிள், மந்திரமா?" என்றாள். நாலு வரி சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவைதான். 'ஓலா. மே யாமோ...' என்று தன் பேரைச் சொல்லி, 'சோய் தே மயிலம்' என்றாள். தலையைக் குனியவில்லை, குரலை இறக்கவில்லை. கம்பார்ட்மென்ட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரியா, தப்பா என்று சொல்ல அங்கே ஆள் யாரும் கிடையாது!

"யாமோன்னா பேரா அங்கிள்?"

"இல்லம்மா. யாமோன்னா கூப்பிடுறேன். மே-ன்னா என்னை. நான் என்னையே இன்னார்னு கூப்பிட்டுக்கிறேன். அதான் அவங்க மொழியில என் பேர்."

ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப, அந்த மே-தான் மைசெல்ஃபா?"

"அதேதான்."

"அங்கே அது தப்பில்லையா?"

"அதை விட்டாத்தான் தப்பு. வெறும் யாமோன்னா, யாருக்கோ போன் போடறேன்னு அர்த்தமாயிடும்."

அவள் சிரித்தாள். பேரணியிலிருந்து விக்கிரவாண்டி வரை 'மே யாமோ'தான். மல்லாட்டை விற்கிறவர் வந்தபோது அவருக்கும் ஒரு 'முச்சோ குஸ்தோ' கிடைத்தது. பத்து ரூபாய்க்கு வாங்கினோம். விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அடுத்த திங்கள்கிழமை அவளுக்கு இன்டர்வியூ. தமிழிலேயே பேசலாம் என்று போனிலேயே சொல்லிவிட்டாராம் அந்த ஆடிட்டர்.