நாலு மணிச் சுக்கு காபிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இந்த நன்றியை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அண்ணனின் சுக்கு காபி சைக்கிளைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் காசைக் கொடுத்துக் கப்பை வாங்கத்தான் நேரம் இருக்கிறது. அண்ணனிடம் சொல்கிற நன்றி மதினியின் காது வரைக்கும் போய்ச் சேருகிறதா என்பதும் சந்தேகம். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

சிம்மக்கல்லில் பேப்பர் கட்டுப் பிரிக்கும் எங்கள் கூட்டத்தை அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். மூன்றரைக்கு வேன் வந்து கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். கட்டைப் பிரித்து, எண்ணி, இணைப்பைச் செருகி, லைன் வாரியாக அடுக்கிப் பையன்களை அனுப்புவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். மதுரையில் மார்கழி விடியல் வெப்பமானியில் 20 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். ஆனால் வைகைப் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்றில் வெறும் நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாளைப் புரட்டுகிற விரலுக்கு அந்தக் குளிரே போதும். விரல் விறைத்துப்போனால் தாள் பிரியாது. ஒரு வீட்டுக்கு இரண்டு இணைப்பு போகும், அடுத்த வீட்டுக்கு ஒன்றும் போகாது. அந்த நேரத்தில் அண்ணனின் சைக்கிள் பெல் கேட்கிறது. கப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே குடித்து முடிக்கும்போது விரல் எங்கள் சொல்பேச்சு கேட்க ஆரம்பித்துவிடும். பூ வண்டிக்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ அண்ணன்மார், ஏடிஎம் வாசலில் இருக்கும் காவலாளிப் பெரியவர் என்று எல்லோருக்கும் அந்த விடியலில் நீங்கள்தான் துணை.

ஆனாலும் அந்தச் சூட்டுக்காக மட்டும் நான் இதை எழுத உட்காரவில்லை. மதினி, அன்றைக்கு மத்தியானம் உங்கள் வீட்டுத் திண்ணையில் நீங்கள் சுக்கு சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேனே, அதற்காக எழுதுகிறேன்.

முறம் நிறையச் சுக்கு. ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தீர்கள். குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தால் வண்டு புகுந்த சுக்கு என்று தனியே எறிந்தீர்கள். மிஞ்சியதை ஒடித்தீர்கள், 'டக்'கென்று ஒடிந்தது நல்லது, வளைந்தது வெயிலுக்கு. பிறகு சின்னக் கத்தியால் மேல்தோலைச் சுரண்டினீர்கள். கணுவுக்குக் கணு மடிப்பு இருக்கிற பொருள் அது. மடிப்புக்குள் கத்தி போகாத இடத்தில் நகத்தை வைத்தீர்கள். சுக்குக்குத் தோல் ஆகாது என்று நாட்டு வைத்தியத்தில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். அது போக, வெளுப்பாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்த சுக்கும் சந்தையில் உண்டு. சுரண்டினால் அந்தச் சுண்ணாம்பும் தூசியும் சேர்ந்து போய்விடும். மடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. "இதெல்லாம் பாக்காம இடிச்சுப் போட்டாலும் யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியுமே தம்பி" என்றீர்கள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஒரு கப் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்குள் இந்த நகத்தின் வேலையும் இருக்கிறது என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் பக்குவம் கேட்டபோது நீங்கள் இருவரும் தொழில் ரகசியம் என்று ஒளிக்கவில்லை. பேப்பரில் போடலாமா என்றதற்கும் அண்ணன், "தாராளமா போடுங்க, ஊரெல்லாம் குடிக்கட்டும்" என்றார். ஆகவே சொல்கிறேன். மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு. வீட்டு அளவுக்கு 100 கிராம் மல்லி, தோல் சீவிய சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஐந்தாறு ஏலக்காய். மார்கழி, தை இரண்டு மாதமும் மதினி இதில் நாலைந்து கண்டந்திப்பிலியும் சேர்க்கிறார். முழுச் சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். முதலில் இரும்பு உரலில் தட்டிப் பிளந்துகொள்ள வேண்டும். மல்லியையும் சுக்கையும் ஒன்றாக வறுக்கக் கூடாது. மல்லி சீக்கிரம் சிவக்கும், சுக்கு நிதானமாகத்தான் சூடேறும். மல்லிக்கு அடுப்பு சிம்மில் இருக்க வேண்டும். வாசனை மூக்குக்கு ஏறி, நிறம் ஒரு சாயல் மாறியதுமே தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகி, காபி கசக்கும். ஏலக்காயை வறுப்பதே இல்லை. எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் அரைப்பது. சூட்டோடு அரைத்தால் ஆவி விட்டுக் கட்டி தட்டிப்போகும். நைசாக அரைக்காமல் ரவைப் பதத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, சலித்து, சுக்கு நாரை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டுவைத்தால் ஒரு மாதத்துக்கு மணம் குறையாது.

கொதிக்கவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்று அண்ணன் சொல்வார். நாலு பேருக்கு 600 மில்லி தண்ணீர். அதில் ஒரு கரண்டித் தண்ணீரைத் தனியே எடுத்து, தட்டிய கருப்பட்டி 60 கிராமைக் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் கொஞ்சம் மண்ணும் தும்பும் இருக்கும். மீதித் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மூன்று டீஸ்பூன் பொடியைப் போட்டுத் தீயைக் குறைத்து ஆறேழு நிமிடம். அதற்குப் பிறகு கருப்பட்டிக் கரைசலை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். மல்லியின் மணம் ஆவியோடு பறந்துபோகிற மணம். கால் மணி நேரம் கொதிக்க விட்டால் காரம் மட்டும்தான் தங்கும். இறக்கிய பிறகு நாலு துளசி இலையைக் கிள்ளிப் போட்டு மூடி, நாலைந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் மண்டி அடியில் படியும். தெளிந்ததை மட்டும் வடிகட்டி ஊற்ற வேண்டும். காபித்தூள் கிடையாது, பாலும் கிடையாது. அண்ணன் சைக்கிளில் இருக்கும் பாய்லருக்கு அடியில் கரி போட்டிருப்பது சூடு ஆறாமல் இருக்கத்தான். அதில் அவர் காபியைக் கொதிக்க விடுவதில்லை. அந்தக் கரியைக் குறைக்கவும் கூட்டவும் அவர் குனிந்து குனிந்து பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

நான் பேப்பர்க்காரன்; கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறவன். அப்படி வாசித்தது ஒன்று. பச்சை இஞ்சிக்கு உறைப்பைக் கொடுப்பது ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறொன்றாக மாறுகிறது. அதற்கு ஜிஞ்சராலைவிடக் காரம் அதிகம். மிளகின் பைப்பரினும் இதற்குக் கூட்டு. சூட்டை உணர்கிற அதே நரம்பு முனைகளை இவை தொட்டு எழுப்புவதால், கப்பில் கடைசி வாய் ஆறிப்போயிருந்தாலும் தொண்டையில் அது சூடாகத்தான் இறங்குகிறது.

உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் இந்தச் சரக்கெல்லாம் எத்தனை கை மாறுகிறது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. ஐந்து கிலோ பச்சை இஞ்சியைத் தோல் சீவி, ஒரு வாரம் பத்து நாள் வெயிலில் போட்டால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ சுக்கு. கேரளத்து மலைப்பக்கத்திலிருந்தும் அது மதுரைக் கீழமாசி வீதிக் கடைகளுக்கு வருகிறது. மல்லி நம் பக்கத்துச் சரக்கு. விளாத்திகுளம், அருப்புக்கோட்டைக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைத்து, பிறகு பனியிலேயே வளர்ந்து, தை மாசியில் அறுப்புக்கு வருவது. நாங்கள் சிம்மக்கல்லில் போன வருஷத்து மல்லியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது இந்த வருஷத்துச் செடி அங்கே வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

எல்லாவற்றிலும் கஷ்டம் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் பனை ஏறி, பாளையைச் சீவி, இறக்கிய பதநீரை அன்றன்றே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது. ஏறுகிறவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். வெள்ளைச் சர்க்கரையைவிடக் கருப்பட்டி பல மடங்கு விலை என்பதால் சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. பலரும் அதற்கு மாறிவிட்டார்கள். நீங்கள் மாறவில்லை. உடன்குடிப் பக்கம் தெரிந்த குடும்பத்திடம் சீசனிலேயே சொல்லிவைத்து, ஓலைக் கொட்டானில் வாங்கிப் பரணில் வைத்துக்கொள்கிறீர்கள். அன்றைக்கு அதை இறக்கிக் காட்டினீர்கள். வீடு முழுக்கப் பனை மணம்.

அண்ணே, உங்கள் நேர்மைக்கும் ஒரு நன்றி தனியாகச் சொல்ல வேண்டும். சளி போகுமா, இருமல் போகுமா என்று யார் கேட்டாலும் "தொண்டைக்கு இதமா இருக்கும், நாளு கணக்கா காய்ச்சல்னா டாக்டரைப் பாருங்க" என்று மட்டும்தான் சொல்வீர்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் கருப்பட்டி நல்லதுதானே என்று நீட்டிய கையைத் தடுத்து, "அதுவும் இனிப்புதான்யா" என்று இனிப்புப் போடாத சின்ன பிளாஸ்கிலிருந்து ஊற்றுகிறீர்கள். ஒருமுறை ஒருவர், அதிமதுரம் போட்டால் இன்னும் ருசியாக இருக்குமே, ஏன் போடுவதில்லை என்று கேட்டார். நீங்கள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அது தினமும் சேந்தா பிரஷரை ஏத்தும்பாங்க. யாருக்கு பிரஷர் இருக்கு, யாருக்கு இல்லைன்னு எனக்குத் தெரியுமா? தெருவுல ஊத்துற சாமான், எல்லாருக்கும் ஒத்துக்கணும்." பெரிய பெரிய கம்பெனிகள் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுகிற எச்சரிக்கையை நீங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள்.

மழை வெள்ளமாகக் கொட்டிய நாளிலும் பாய்லருக்குக் குடை பிடித்து, நீங்கள் நனைந்துகொண்டு வந்து நின்றது எங்கள் பையன்கள் யாருக்கும் மறக்காது. காசு இல்லாத நாளில் அவர்களுக்கு ஊற்றிவிட்டு, மறுநாள் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதும் எனக்குத் தெரியும்.

இனி ஒரு கோரிக்கை, மறுக்கக் கூடாது. கருப்பட்டி, ஏலக்காய், கரி என்று எல்லாமே ஏறிவிட்டது; உங்கள் பத்து ரூபாய் மட்டும் ஏறவே இல்லை. "ஏத்துனா கூட்டம் குறைஞ்சிரும்" என்று அண்ணன் பயப்படுவதாக மதினி சொன்னீர்கள். நான் சிம்மக்கல் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டேன். பூ வண்டிக்காரர்களிடமும் கேட்டுவிட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கப் பதினைந்து ரூபாய் என்று பாய்லரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அட்டையும் எழுத்தும் என் பொறுப்பு. சந்தாக் காசில் எனக்கு நிறைய ஐந்து ரூபாய் நாணயம் சேரும், சில்லறைக்கு அதைக் கொண்டுவந்து தருகிறேன்.

மதினி, உலக்கைப் பூண் கழன்று ஆடுகிறது என்று அன்றைக்குச் சொன்னீர்கள். எங்கள் தெருவில் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார், பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உலக்கையை எடுத்துப் போகிறேன். சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன், திங்கள் இடிப்புக்குத் தடை வராது.

அன்புடன்,
சிம்மக்கல் பேப்பர் கட்டுக்காரன்