மணல் குடிக்கும் சூடு

உத்திரமேரூர்ப் பக்கம் பொரி வறுக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அரிசி விலைக்கும் உமி விலைக்கும் முன்னால் மணல்தான் வருகிறது. "அரிசி எங்கனா கிடைச்சிடும் சார். நல்ல மணலுக்குத்தான் அல்லாடிக்கினு இருக்கோம்" என்றார் வந்தவாசி சாலையை ஒட்டிய கொட்டகையில் அடுப்பு முன் நின்றிருந்த பெரியவர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் 2003-லிருந்து ஆற்று மணல் அரசின் கையில். லாரிக் கணக்கில் கேட்கிறவருக்கே இழுபறி என்றால், இரண்டு கூடை கேட்கிறவரை யார் மதிப்பார்கள்? இதே வட்டாரத்துக் கிரஷர்களில் எம்-சாண்ட் மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"போட்டுப் பாத்தோமே!"

மூலையில் சாக்கில் மிச்சமிருந்ததை ஒரு கையிலும் சட்டி மணலை இன்னொரு கையிலும் அள்ளிக் கொடுத்தார். ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு முனை மழுங்கியது. பொரியின்மேல் நிற்காமல் சல்லடை வழியே இறங்கிவிடும். உடைத்த கருங்கல்லோ முனை முனையாக, தூளும் துகளுமாக இருக்கிறது. பொரியின் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். "சூடு புடிக்கறது ரெண்டும் ஒண்ணுதான். வாயில போட்டு மென்னாதான் தெரியும்" என்றார். இயற்பியல் அட்டவணையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஒரு கிலோ மணலை ஒரு டிகிரி சூடேற்ற 0.8 கிலோஜூல் அளவுக்கு வேண்டும். ஆற்றில் அள்ளியதா, கிரஷரில் அரைத்ததா என்பதால் அது பெரிதாக மாறுவதில்லை.

அந்த அட்டவணையை மட்டும் பார்த்தால் மணலைத் தேர்ந்தெடுக்கவே தோன்றாது. தண்ணீர் கிலோவுக்கு 4.2 கிலோஜூல் வாங்கிக்கொள்கிறது, மணலைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் 100 டிகிரியில் கொதித்துவிடும்; பொரிக்கு வேண்டியது 250 டிகிரி அளவு. எண்ணெய் அந்தச் சூட்டில் கொதிக்காது, ஆனால் பொரி அதைக் குடித்துவிடும். உப்பு மணலுக்குச் சமமாகச் சூட்டை வைத்துக்கொள்ளும். கடலை வண்டிக்காரர்கள் சிலர் அதில்தான் வறுக்கிறார்கள். ஆனால் உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், இரும்புச் சட்டியை அரிக்கும். இரும்பு எடைக்கு எடை பார்த்தால் மணலில் பாதிதான் வாங்கும். அடைக்கிற இடத்தைக் கணக்கிட்டால் மணலைவிட இரண்டரை மடங்கு சூடு அதில் அடங்கும். ராஜஸ்தானில் அபு ரோடு அருகே பிரம்மகுமாரிகளின் சூரிய வெப்ப மின்நிலையத்தில், 770 பெரிய வட்டில்கள் குவிக்கும் வெயிலை இராத்திரிக்குச் சேர்த்து வைப்பது வார்ப்பிரும்புதான். அந்த இரும்பில் அரிசியை நேரடியாகப் போட்டால் தொட்ட பக்கம் கருகும், தொடாத பக்கம் பச்சையாக நிற்கும். வாங்கியதை இரும்பு அவ்வளவு வேகமாகக் கக்கிவிடும்.

மணல் அரிசியைச் சுற்றி எல்லாப் பக்கமும் மொய்த்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகத் தொட்டுச் சூட்டைத் தருகிறது. அரிசியும் சும்மா அரிசி இல்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைத்த புழுங்கல். அதில் உப்புத்தண்ணீர் தெளித்துப் பிசிறி, மிதமான சூட்டில் ஒருமுறை வாட்டி எடுக்கிறார்கள். பதம் பார்க்க வெப்பமானி கிடையாது. பெரியவர் நாலு அரிசியை மணலில் வீசுகிறார். உடனே துள்ளினால் சரி, சிவந்தால் மணல் அதிகமாகக் காய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு கரண்டி அரிசி, பத்துப் பதினைந்து வினாடி. உள்ளே இருந்த கொஞ்ச ஈரம் ஆவியாகி, வெளியேற வழி கிடைப்பதற்குள் அரிசியை ஊதிவிடுகிறது.

சட்டி நிறைய மணலுக்கு ஏன் ஒரே ஒரு கரண்டி அரிசி? கொட்டகையில் உட்கார்ந்தே தோராயமாகக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ அரிசியைச் சூடேற்றி ஈரத்தை விரட்ட 350 கிலோஜூல் போல ஆகும். மணல் 40 டிகிரி இறங்கினால் கிலோவுக்குத் தருவது 32. ஆக ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பதினோரு கிலோ மணல். அரிசியைக் கூடுதலாகப் போட்டால் மணல் அதற்குமேல் இறங்கிவிடும், பொரி நமுத்ததுபோல் சின்னதாக வரும். பெரியவருக்கு இது கணக்கு இல்லை, கைப்பழக்கம்.

மணலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குச் சூட்டைக் கடத்த அதற்கு மனசே வராது; நடுவில் காற்று இருக்கிறதே. அடியில் தணலாக இருக்கும்போது மேலே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அந்தக் குறைக்கு ஈடு கொடுப்பது பெரியவரின் தோள்பட்டை. கை ஓயாமல் கிண்டிக்கொண்டே இருக்கிறார். அவர் மனைவி சட்டியிலிருந்து அள்ளுவதை வாங்கிச் சலித்து, மணல் ஆறுவதற்குள் சட்டிக்கே திருப்புகிறார். அந்த அம்மாவின் முன்கை முழுக்கச் சின்னச் சின்னத் தழும்புகள். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடப் பார்ப்பதற்கும் காரணம் சூடுதான். செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பு முதல் ஒரு மணி நேரம் தானே சூட்டை விழுங்கும். உமியை நிறுத்திய பிறகு விழுங்கியதையெல்லாம் கொட்டகைக்குள் விடும். சூட்டைச் சேர்த்து வைப்பது பொரிக்கு லாபம், பக்கத்தில் நிற்கிற உடம்புக்கு அப்படி இல்லை. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க மதியத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்ச் செருப்பில்லாமல் கருங்கல்லில் நின்றவர்களுக்கு இது புரியும்.

பின்லாந்தில் சூட்டைச் சேர்த்து வைக்க இதே மணலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். 2022-இல் கான்கான்பா என்ற ஊரில் 100 டன் மணலைக் கோபுரம்போன்ற தொட்டியில் நிரப்பி, காற்றாலையிலும் வெயிலிலும் மிஞ்சுகிற மின்சாரத்தால் 500 டிகிரிக்குமேல் சூடேற்றி, குளிர்காலத்தில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2025-இல் போர்னாய்னனில் கட்டிய பெரிய தொட்டியில் சுமார் 2,000 டன் மாக்கல் தூள். கணப்பு அடுப்புகள் செய்கிற நிறுவனத்தில் கழிந்தது. நம் கல்சட்டியின் கல். மணலைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு வாங்கும், வேகமாகக் கடத்தும். நமக்குத் தோள்வலி தருகிற மணலின் மந்தக் கடத்தல் அங்கே வரம்: ஓரத்து மணலே நடு மணலுக்குப் போர்வையாகி, நாள்கணக்கில் சூடு இறங்காமல் காக்கிறது.

"மாக்கல் தூளா? பொரியில மாவா ஒட்டிக்கும்" என்று உடனே தள்ளிவிட்டார் பெரியவர். அந்த அம்மாவின் கேள்வி வேறு: "அத்தனை டன்னையும் யாரு கிண்டறது?"

யாரும் இல்லை, உள்ளே குழாய்கள் ஓடும், மின்விசிறி காற்றை ஊதும் என்றேன்.

"நமக்கும் மெசின் வந்திருக்கே" என்றார் அந்த அம்மா. சுழலும் டிரம்மில் மணலையும் அரிசியையும் ஒன்றாக விட்டு, கடைசியில் சலித்துத் தள்ளுகிற இயந்திரத்தை அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததும் ஆற்று மணல்தான். விலையை விசாரித்தீர்களா என்றேன். பெரியவர் கரண்டியை நீட்டி அடுத்த ஈடு அரிசியைக் கேட்டார். "கார்த்திகை ஆர்டர் முடியட்டும், சங்கத்துல லோன் கேக்கலாம்னு இருக்கேன்" என்று பதில் சொன்னது அந்த அம்மாதான்.