நூறாவது நாள் போஸ்டர்

தியேட்டர் வாசலில் முதல் நாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "படம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்பவர் ஒரு ரகம். "நூறாவது நாள் போஸ்டர் ஒட்டட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்று வெற்றிலையை மடிப்பவர் இன்னொரு ரகம். இன்றைக்கு நூறு நாள் ஓடுகிற படங்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனாலும் அந்த வெற்றிலை ஆசாமியின் புத்தி ஒரு விஷயத்துக்கு நன்றாகவே உபயோகப்படுகிறது. ஆன்லைன் கேம்!

தனியாக உட்கார்ந்து சுட்டுத் தள்ளுகிற கேமைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில், ஒரே உலகத்தில், ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு ஆடுவது. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், கத்தி செய்து விற்கலாம், கோஷ்டி சேர்ந்து பூதத்தைக் கொல்லலாம். முழுப் பெயர் 'எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி.' ஏதோ டாக்டர் போர்டில் போடுகிற பட்டம் மாதிரி இருப்பதால், 'எம்.எம்.ஓ.' என்று சுருக்கிக் கொள்வோம்.

இந்த வகையில் புதிதாக ஒன்று வருகிறது என்றால் போதும், ஆபீஸ் போகிற இளைஞர்களுக்கு ஜுரம் வந்துவிடுகிறது. டிரெய்லரைப் பார்த்துவிட்டு, "இனிமே இதுதான் மச்சி வாழ்க்கை!" வந்த மூன்றாம் நாள் அதே வாயால், "வேஸ்ட் மச்சி!" எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்ததா இல்லையா என்று மூன்றாம் நாளே தீர்ப்புச் சொல்வது, புது மாப்பிள்ளையை மறுவீட்டு விருந்தன்றே எடை போடுவது மாதிரி. வேட்டி பளபளக்கும். அவ்வளவுதான் தெரியும்.

ஆதாரத்தோடு பேசுவோம்.

அமேசான் கம்பெனியின் 'நியூ வேர்ல்ட்' என்ற கேம். 2016-ல் அறிவித்து, பல தடவை தேதி தள்ளி, 2021 செப்டம்பர் 28 அன்று ஒருவழியாகத் திறந்தார்கள். சில நாட்களில் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் ஆடியவர்கள் 9,13,634 பேர். ஒரு சர்வருக்கு இரண்டாயிரம் பேர்தான் கொள்ளும் என்பதால் வாசலில் மணிக்கணக்கில் க்யூ. சந்தேகமில்லாமல் ஹவுஸ்ஃபுல்.

கேமிலும் விஷயம் இல்லாமல் இல்லை. அதில் மரம் வெட்டுகிற சத்தம் இருக்கிறதே... கோடாரி விழுகிற 'டொக்' காடு முழுக்கப் போய் மோதித் திரும்பி வரும். தூரத்தில் இன்னொருத்தர் வெட்டினால் அதுவும் கேட்கும். பகலெல்லாம் எக்செல் ஷீட்டில் கிடந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள், மனசு லேசாகிவிடும். நான் பூதம் கொன்றதைவிட மரம் கொன்றதே அதிகம்.

அடியேன் பி.காம். எந்தப் பொழுதுபோக்கிலும் வரவு செலவுதான் எனக்கு முதலில் கண்ணில் படும். இதில் கோஷ்டிக்குப் பெயரே 'கம்பெனி'! ஊரைப் பிடித்த கம்பெனி வரி போடும். கடையில் விற்றால் வரி, பட்டறையில் கத்தி அடித்தால் வரி, வீடு வாங்கினால் சொத்து வரி. பூதத்துக்குக்கூடப் பயப்படாதவன் வரிக்குப் பயப்பட வேண்டும். பிரமாதம்!

ஆனால் திறந்த முதல் மாதத்திலேயே கணக்கு உதைத்தது. ஆரம்பத்தில் கதை சம்பந்தமான வேலைகளைச் செய்தால் தங்கக் காசு தாராளமாக வரும். மேல் படிக்குப் போனதும் அந்த வேலைகள் தீர்ந்துவிடும். வரியும் ஆயுத ரிப்பேர்ச் செலவும் தீராது. வருமானம் நின்று செலவு நிற்காவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? காசை இறுக்கி முடிந்துகொள்வான். எல்லோரும் முடிந்துகொண்டால் சந்தையில் வாங்க ஆளிருக்காது. சாதாரணச் சரக்கின் விலை, ஒரு காசில் நூறில் ஒரு பங்குக்கு இறங்கியது. அதற்குக் கீழே விலை போட இடமே இல்லை. சிலர் காசை விட்டுவிட்டு 'நீ தோல் கொடு, நான் இரும்பு தர்றேன்' என்று பண்டமாற்றுக்கே போய்விட்டார்கள். பாடப் புத்தகத்தில் 'பணவாட்டம்' என்று பரீட்சைக்கு முதல் நாள் உருப்போட்டதை, கண்ணெதிரே கோடாரியோடு நடக்கப் பார்த்தார்கள் லட்சக்கணக்கான பேர்.

இது போதாதென்று பழுதுகள். திரையில் விளையாட்டு விண்டோவை மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் உங்கள் ஆளுக்கு அடியே படாது! சாட்டில் ஒரு கோட் எழுத்தைப் போட்டால் அடுத்தவன் திரையில் ராட்சத சைஸ் சாஸேஜ் படம் வந்து உட்காரும்! பிறகு, இருக்கிற தங்கத்தை இரண்டாக்கும் வித்தையை யாரோ கண்டுபிடித்தார்கள். நவம்பர் தொடக்கத்தில், ஆடுகிறவர்களுக்குள் காசு கைமாறுவதையே நிர்வாகம் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. நமக்கு 2016 நவம்பர் அனுபவம் உண்டு என்பதால் இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

2022 நடுவில் பார்த்தால், ஒன்பது லட்சம் இருந்த இடத்தில் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. சரி செய்யவில்லை என்று பழி சொல்லக்கூடாது. 2022 அக்டோபரில் ஒரு பாலைவனத்தையே புதிதாகச் சேர்த்தார்கள். போனவர்களில் ஒரு பகுதி திரும்பி வந்தது. 2024 அக்டோபரில் பெயரோடு 'ஈட்டர்னம்' என்று ஒட்டு சேர்த்து பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் கொண்டு போனார்கள். ஆனால் 2025 அக்டோபர் கடைசியில், கம்பெனி சுமார் 14,000 ஆபீஸ் வேலைகளைக் குறைப்பதாக அறிவித்த அதே சமயத்தில், இந்த கேமுக்கு இனிப் புதுச் சரக்கு வராது என்றும் சொல்லிவிட்டார்கள். கதை அவ்வளவுதான்.

இப்போது எதிர்ப்பக்கம்.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி 2010 செப்டம்பர் 30 அன்று 'ஃபைனல் ஃபேன்டஸி 14' என்ற எம்.எம்.ஓ.வைத் திறந்தது. படு தோல்வி. அதில் ஒரு பூந்தொட்டியை வரைய, ஒரு மனிதனை வரைகிற அளவுக்கு வேலை செய்திருந்தார்கள். தொட்டிகள் நிறைந்த இடத்தில் கம்ப்யூட்டர் திணறாமல் என்ன செய்யும்? சந்தை என்றால் வரிசையாக நிற்கிற ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய், 'உன்கிட்ட என்ன இருக்கு?' என்று பார்க்க வேண்டும். மாசச் சந்தா வாங்க முகமில்லாமல் 2012 ஆரம்பம் வரை ஓசியில் ஆட விட்டார்கள். கம்பெனித் தலைவர் யோஇச்சி வாடாவே, தங்கள் பெயருக்குப் பெரிய சேதம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

2010 டிசம்பரில் நவோகி யோஷிதா என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். மனிதர் ஒரு கையால் பழைய வீட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, இன்னொரு கையால் புது வீடு கட்டினார். 2012 நவம்பர் 11 அன்று அந்த உலகத்தின் மேல் ஒரு நிலாவையே விழ வைத்து, பழையதை முடித்து வைத்தார். 2013 ஆகஸ்ட் 27 அன்று புதுசு திறந்தது. 2021 டிசம்பரில் என்ன ஆயிற்று தெரியுமா? கூட்டம் தாங்காமல், "தயவு செய்து வாங்காதீர்கள்" என்கிற மாதிரி விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்கள்! 'நியூ வேர்ல்ட்'டில் ஆள் குறைந்துகொண்டிருந்த அதே டிசம்பர்.

ஆக, முதல் நாளை வைத்து மார்க் போட்டிருந்தால் 2010-ல் ஃபெயிலானவன் பிற்பாடு கிளாஸ் ஃபர்ஸ்ட். 2021-ல் சென்டம் வாங்கியவன் நாலு வருஷத்தில் படிப்பை நிறுத்திவிட்டான்.

அக்கவுன்டன்சியில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒன்று உண்டு. இந்தக் கடை நாளைக்கும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இன்றைய கணக்கையே எழுத வேண்டும் என்பது அதன் சாரம். மற்ற கேமுக்கு இது தேவையில்லை. வாங்கினோம், ஆடினோம், முடித்தோம். எம்.எம்.ஓ. ஒரு ஊர். கடை வேண்டும், கடையில் சரக்கு வேண்டும், வாங்க ஜனம் வேண்டும், ஓட்டை விழுந்தால் அடைக்க ஒரு முனிசிபாலிட்டி வேண்டும்.

அந்த முனிசிபாலிட்டிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்கலாம். 'நியூ வேர்ல்ட்' தொடக்கத்தில் ஒரே தடவை 40 டாலர். மாசச் சந்தா கிடையாது. முதல் நாள் கூட்டத்திலேயே பெரும் வசூல். சந்தா வாங்குகிறவனுக்கோ நீங்கள் நூறாவது நாளும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. இதையே சட்டமாகச் சொல்ல மாட்டேன். சந்தா இல்லாத 'கில்ட் வார்ஸ் 2', 2012-ல் திறந்து பத்து வருஷம் தாண்டியும் நடந்தது. ஆனால் புதுசாக ஒன்று வரும்போது நான் முதலில் பார்ப்பது டிரெய்லரை அல்ல, கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான்.

இவ்வளவு கறாராக இருக்க என்ன அவசியம், பொழுதுபோக்குத்தானே என்று கேட்பீர்கள். ராத்திரி இரண்டு மணி நேரம் என்று நூறு நாள் ஆடினால் 200 மணி நேரம். எட்டு மணி நேர ஆபீஸ் கணக்கில் 25 வேலை நாள். ஒரு மாச உழைப்பு சார், அதுவும் சம்பளமில்லாமல்!

நேரத்தைக்கூட விடுங்கள். ஒரு கேமில், பெயர் வேண்டாம், எனக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். நிஜப் பெயர் தெரியாது, எந்த தேசம் என்றும் தெரியாது. "அவசரப்படாதே தம்பி, கயிறு இழுத்தா விட்டுப் பிடி" என்று உடைந்த இங்கிலீஷில் எழுதுவார். தினம் ராத்திரி பதினோரு மணிக்கு அதே படித்துறை. அந்த கேமில் ஆள் குறையக் குறைய, ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விசாரிக்க விலாசம் கிடையாது. சர்வரை மூடினால் மறுபடி திறக்கலாம். படித்துறையில் பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தேட முடியாது. எதிர்பார்ப்பு ஏமாற்றமாகிறது என்றால் எனக்கு அதுதான். கிராஃபிக்ஸ் அல்ல.

இந்தத் தத்துவத்தையெல்லாம் என் மைத்துனனிடம் எடுத்து விட்டேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். புதுசாக ஏதோ ஒரு எம்.எம்.ஓ. வரப்போகிறதாம், இப்போதே லீவ் லெட்டர் ரெடி.

"நூறு நாள் பொறுடா" என்றேன்.

"மாமா, எல்லாரும் நூறு நாள் கழிச்சு வந்தா, முதல் நாள் யார் இருப்பா? ஊரே காலியா இருக்குன்னு அப்பவே மூடிட்டுப் போயிடுவான். அப்புறம் எங்கே நூறாவது நாள்?"

பயல் என் கோட்டையிலேயே ஓட்டை போட்டுவிட்டான். யோசித்தால் நியாயம்தான். அதோடு, முதல் வாரத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வழி தெரியாமல் நாலு பேர் சேர்ந்து காட்டில் அலைகிற சந்தோஷம் நூறாவது நாள் கிடைக்காது. அதற்குள் எல்லாவற்றுக்கும் யாராவது வரைபடம் போட்டுவிடுவார்கள்.

ஆகவே தீர்ப்பைக் கொஞ்சம் திருத்திக் கொடுத்தேன். முதல் நாள் போவதாக இருந்தால் திருவிழாவுக்குப் போகிற மாதிரி போ. ராட்டினம் சுற்று, பஞ்சு மிட்டாய் தின்னு, திரும்பி வா. அங்கேயே மனை வாங்கிக் கடக்கால் தோண்டாதே. குடியேறுவதாக இருந்தால் நூறாவது நாள் போய் மூன்று விஷயம் பார். சந்தையில் சாதாரணச் சரக்கு நியாயமான விலைக்கு விற்கிறதா? நேற்று சேர்ந்தவனுக்குத் துணைக்கு ஆள் கிடைக்கிறதா? போன மாசம் உடைந்ததை இந்த மாசம் ஒட்டினார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெட்டி படுக்கையோடு போகலாம். எதிர்பார்ப்பு பூர்த்தியாயிற்று என்று அன்றைக்குச் சொல்லு, ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"சரி மாமா, திருவிழாவுக்கே போறேன்."

"சமத்து!"

"திருவிழாவுக்குப் போற பிள்ளைக்குப் பெரியவங்க கையில காசு கொடுத்து அனுப்பறதுதானே வழக்கம்? ஜிபே இருக்கா?"