ஒல்லி டயர் வேகமா, குண்டு டயர் வேகமா?

அடுத்த மாசம் 200 கி.மீ. பிரெவே ஓட்டறதா இருக்கேன் மக்களே. போட்டி கிடையாது, ஆனா 13 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிச்சாகணும். 120 கி.மீ. தாண்டினா எனக்கு சுண்டு விரல் மரத்துப் போயிடும், பிரேக்கே சரியா பிடிக்க வராது. சைக்கிள்ல இருந்த 23 மி.மீ. டயரும் தேஞ்சு போச்சு. இப்போ எதை வாங்கறது?

நம்ம கோஷ்டி ஆளுங்களைக் கேட்டா ஒரே பதில்தான். "ஒல்லி டயர் போடு, 120 பிஎஸ்ஐ காத்து அடி, பறக்கலாம்." சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டயர் தரையில நசுங்கி நசுங்கி நிமிரும்போது கொஞ்சம் சக்தி சூடா வீணாகுது. காத்தழுத்தம் ஒண்ணுன்னா தரையைத் தொடற பரப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஒல்லி டயர்ல அது நீளவாக்குல இருக்கும், நசுங்கல் அதிகம். அகல டயர்ல குறுக்குவாக்குல இருக்கும், நசுங்கல் கம்மி. அதனால ஒரே அழுத்தத்துல அகலம்தான் ஜெயிக்குது!

ஆனா 28 மி.மீ. டயர்ல யாரும் 120 அடிக்கறதில்லை. 75 அடிச்சா வழவழ ரோட்டுல ரெண்டும் ஏறக்குறைய சமம். கரடுமுரடு ரோட்டுலதான் மேட்டரே. கல்லு மாதிரி இருக்கற டயர் ஒவ்வொரு மேட்டுக்கும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடும். அந்தக் குலுக்கலை நம்ம உடம்புதான் வாங்கிக்குது, மிதிச்ச சக்தியும் அதுலயே போகுது. குலுங்கறதால வேகமாப் போற மாதிரி ஒரு பிரமை வேற.

பிரான்ஸ்ல பாரி-ரூபேன்னு ஒரு பந்தயம். 50 கி.மீ.க்கு மேல கருங்கல் பாதை. 1964-ல பீட்டர் போஸ்ட் போட்ட 45.1 கி.மீ. சராசரி வேகம் 2017 வரைக்கும் சாதனையா நின்னுது. 2024-ல வான் டெர் பூல் 47.8-ல முடிச்சார். எல்லாம் டயர் புண்ணியம்னு சொல்ல வரலை. ஆனா 30, 32 மி.மீ. டயர் வேகத்தைக் குறைக்கும்னா அங்க யாரும் தொட்டிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னா, 30 கி.மீ. வேகத்துல நல்ல டயர் 26 வாட் தின்னும், மட்டமான மொத்தை டயர் 45 வாட் தின்னும். அதனால அகலத்தைவிட டயரோட தரம் முக்கியம். எதிர்க்காத்து தின்னறது தனி, சுமார் 120 வாட்!

என் பழைய பிரேம்ல 32 நுழையாது. மெல்லிசா, வளைஞ்சு குடுக்கற 28 மி.மீ. டயர் வாங்கியாச்சு. பின்னாடி 75, முன்னாடி 70. விரல் மரத்துப் போகாம 150-ஐத் தாண்டினாலே காசுக்கு மேல லாபம் :-)