தட்டில் யாருடைய விரதம்?

நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டியைச் சுத்திக் கோழிப்பண்ணைதான். நாமக்கல் முட்டை இல்லாம தமிழ்நாட்டுச் சத்துணவுத் தட்டு இல்லை. ஆனா கர்நாடகத்துல அரசுப் பள்ளிகளுக்குச் சமைச்சுத் தர்ற அட்சய பாத்திரம், இஸ்கான்ங்கிற கிருஷ்ண பக்தி இயக்கத்தின் வழி வந்த அமைப்பு; அதோட சாம்பார்ல வெங்காயம், பூண்டு கிடையாது, முட்டையும் தர்றதில்லை. சமைக்கிறவங்க நியமத்தைப் பசிச்ச பிள்ளை ஏன் சுமக்கணும்?

பக்தி இல்லேன்னா தர்மமே நடக்காதும்பாங்க. உண்மைதான், 1867ல வடலூர்ல வள்ளலார் தருமசாலை தொடங்கினதும் ஆன்மிகத்தாலதான். அங்கேயும் சைவச் சாப்பாடுதானேன்னு கேட்கலாம். அது வர்றவங்களுக்குப் போடுற அன்னதானம். பள்ளிச் சாப்பாட்டுக்கோ அரசு அரிசியும் மானியமும் போகுது. வீட்டுல முட்டை வாங்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியில கிடைக்கிற முட்டைதான் புரதம். கொடுக்கிறவங்க மனசுல எந்தச் சாமியும் இருக்கட்டும். பள்ளிக்கு நன்கொடை தர்றவங்களே, பிள்ளைகளுக்கு என்ன வேணும்னு முதல்ல கேளுங்க.