பர்மனென்ட்டா?

செவ்வாய்

லீவில் வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, கல்யாணத் தரகர் வந்துவிட்டார். "மிலிட்டரி" என்று அம்மா பெருமையாக ஆரம்பித்தார். "அக்னிவீர்" என்றேன். நோட்டை மூடிவிட்டார். "பர்மனென்ட் ஆகட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன முதல் பேட்ச் நான். நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிரந்தரம் கிடையாது என்பது 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தபோதே சொன்ன கணக்கு. மற்றவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்த 30 சதவீதமும் அதற்குச் சமமாக அரசு போடுவதும் வட்டியோடு சேர்த்து சுமார் 11.71 லட்சம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, கேன்டீன் சலுகையும் இல்லை. மாமாக்களுக்குக் கடைசி விஷயத்தில்தான் பெரிய வருத்தம்!

"அந்தப் பணத்துக்கு ரமண நகர்ல ஒரு கக்கூஸ் கட்டக்கூட இடம் வராது" என்கிறார் அப்பா.

வியாழன்

நாலு மணிக்கு ரமணாசிரமத்தில் பால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பையன், சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இருவருக்கும் வெறுங்கால். கணுக்காலுக்கு மேல் பூட்ஸ் உரசி முடி உதிர்ந்த வழவழப்பான வளையம் அவனுக்கும் இருந்தது. அவன் என் காலைப் பார்த்தான். சிரித்துவிட்டோம்.

இஸ்ரேல்காரன். மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய, கட்டாய சேவை. முடிந்ததும் ஊர் சுற்றக் கிளம்புவது அங்கே வழக்கமாம். ஊரில் காத்திருந்த பெண் காத்திருக்கவில்லை என்றான். யுத்தத்தைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனி என்ன செய்யப்போகிறாய் என்றதற்கு, யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காத ஊராகப் பார்த்து வந்தேன் என்றான். அந்த ஊர் எனக்குச் சொந்த ஊராகிப் போனதுதான் வினை.

சாட்விக் சமாதியையும் காட்டினேன். பிரிட்டிஷ் ராணுவ மேஜர். 1935 நவம்பரில் வந்தவர், 1962-இல் சாகும்வரை இங்கேயே இருந்துவிட்டார். துறவுக்குத் தரகர் தேவையில்லை. என்னால் முடியாது. எனக்கு அவள் வேண்டும்.

ஞாயிறு

பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தவள். இப்போது நர்சிங் கடைசி வருஷம். செங்கம் ரோட்டில் இளநீர்க் கடை மறைவில் பத்து நிமிஷம் பேசினோம். நாலு வருஷம் முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது சேரும்போதே ஒப்புக்கொண்ட நிபந்தனை. அதுவரை அது எங்களுக்கு நல்ல சாக்கு. இந்த டிசம்பரோடு சாக்கும் தீர்கிறது.

"பர்மனென்ட் ஆகலன்னா?" என்றேன்.

"ஆகலன்னா போலீஸ் எழுது, சிஆர்பிஎஃப்ல கோட்டா இருக்கு, எழுது. எனக்கு வேலை கிடைச்சிடும். இடையில ஒரு வருஷம் நான் பார்த்துக்கறேன்."

நாலு வருஷமாக எல்லையும் சம்பளமும் பேசியே பழகிய எனக்கு, பதில் சொல்லத் தெரியவில்லை.

"எங்கப்பாகிட்ட நீயே வந்து பேசு. பதினோரு லட்சத்தைப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. அவரு உடனே பூக்கடைக்கு வேன் கேப்பாரு."