முதலில் வரப்பு, பிறகு மரம்

புதுச்சேரியிலிருந்து பூத்துறைக் காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவன் முதலில் பழக வேண்டியது, அவர்களைக் குனியவைக்கும் வித்தை. வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். “இது என்ன மரம் சார், எத்தனை வயசு இருக்கும், மயில் வருமா?” என்று கேள்விகள் மேலேயே சுற்றும். நிழலுக்குள் நுழைந்தவுடன் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தக் காட்டை உண்டாக்கிய வேலை முழங்காலுக்குக் கீழே நடந்தது. அதைக் காட்டாமல் அனுப்பிவிட்டால், ஏதோ ஒரு தோப்பைப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

நகரிலிருந்து அரை மணி நேர ஓட்டம். ஊசுடு ஏரிக்குப் பக்கத்தில், எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தில் இருக்கிறது பூத்துறை. 1994-இல் சரவணன் என்பவர் இங்கே வேலையைத் தொடங்கியபோது இருந்தவை மழை அறுத்துப் போட்ட செம்மண் பள்ளங்கள். இன்று ஏறக்குறைய 100 ஏக்கரில் ‘ஆரண்யா’ என்ற காடு. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அதன் மேட்டுநிலத்துக்கும் இதே கோலம்தான். விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள், காடு போன இடத்தில் மானாவாரிக் கடலை போட்டார்கள். மூடாத மண்ணில் மழை அடித்தால் மேல்மண் நிற்காது. மழைக்காலத்தில் கரையோரக் கடலே சிவந்து கிடக்கும் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

மழை குறைவான ஊர் இல்லை இது. ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ. பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மூன்று மாதம் வெள்ளம், பிறகு நீண்ட வறட்சி. கொட்டுகிற தண்ணீரை எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதில்தான் இங்கே எல்லாமே இருக்கிறது.

அதனால் முதல் கருவி மண்வெட்டிகூட இல்லை, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்தான். இருவர் ஆளுக்கொரு கோலில் டியூபின் முனையைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே அளவில் நின்றால் அந்த இரண்டு இடமும் ஒரே உயரம். அங்கே ஒரு குச்சி. அப்படியே நகர்ந்து நகர்ந்து சரிவின் குறுக்கே குச்சி நட்டுக்கொண்டு போனால் கிடைக்கும் கோடு கண்ணுக்குக் கோணல்மாணலாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகளை அழைத்து வந்தால் அதைக் கயிறு பிடித்து நேராக்கத் துடிப்பார்கள். நேராக்கினால் அந்த இடத்தில் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடிச் சேர்ந்து கரையை உடைக்கும். நிலத்தின் கோணலை அப்படியே பின்பற்றுவதுதான் இந்த வேலையின் ஒழுங்கு.

அந்தக் கோட்டின் வழியே வரப்பு எழுப்ப, மண்ணை மேட்டுப்பக்கம் வெட்டிப் பள்ளப்பக்கம் போட வேண்டும். ஒரு சாண் மண், நன்றாக மிதி, பிறகு அடுத்த சாண். முழங்கால் உயரம் வந்தால் போதும். வரப்பின் ஒரு முனையில் கை அகலம் தாழ்த்திக் கல் பாவி ஒரு சிறு கலிங்கு வைக்க வேண்டும். மிஞ்சுகிற தண்ணீர் மண்ணை அரிக்காமல் இறங்க அதுதான் வழி. அடுத்த வரப்பில் கலிங்கு எதிர் முனையில் வரும். தண்ணீர் நேராகக் கீழே பாயாமல் சரிவு முழுக்க வளைந்து நடந்து போகட்டும் என்பதற்காக. எங்களோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் புதிதாக வருகிறவர்களிடம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: “மேல இருந்து கட்டிகிட்டு வா தம்பி. கீழ ஆரம்பிச்சா ஓடையோட போயிடும்.” ஆழமான பள்ளத்தைப் பார்த்ததும் அதன் அடியில் போய் அணை கட்டத்தான் எல்லாருக்கும் கை வரும். மேட்டில் தண்ணீர் நின்றுவிட்டால் பள்ளம் தானாக அடங்கும்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர்களுக்கு இரண்டு வாளித் தண்ணீர் போதும். காட்டுக்கு வெளியே வண்டிப்பாதையோரம், மழைத்துளி அடித்து அடித்து மேலே பொருக்குத் தட்டிய வெற்றுச் செம்மண்ணில் ஒரு வாளியைக் கொட்டச் சொல்வேன். தண்ணீர் சிவந்து, நுரைத்து, பிள்ளைகளின் செருப்பைச் சுற்றிக்கொண்டு ஓடும். பிறகு உள்ளே வந்து சருகை ஒதுக்கிவிட்டு இன்னொரு வாளி. ஊற்றிய இடத்திலேயே குடித்துவிடும். அங்கே விரலால் கிளறினால் மேலே கறுப்பாக ஒரு மெல்லிய படலம், மண்புழு தள்ளிய உருண்டைகள், சருகைத் தைத்ததுபோல் வெள்ளைப் பூஞ்சை இழைகள். அதற்குக் கீழே பழைய சிவப்பு. இரண்டும் ஒரே மண்தான் என்று சொன்னால் நம்பாமல் மறுபடியும் தோண்டிப் பார்ப்பார்கள்.

மரங்களின் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. வெந்த மண்ணில் நம் காட்டு மரங்கள் எடுத்தவுடன் பிடிக்காது. அதனால் இந்த மேட்டுநிலம் முழுக்கவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கை முதலில் வைத்தார்கள். விறுவிறுவென்று வளரும், நிழல் போடும், சருகு உதிர்க்கும், மண்ணில் தழைச்சத்து சேர்க்கும். அந்த நிழலில்தான் இந்தக் கரையோரத்துக்கே உரிய பசுமைமாறா உலர்காட்டு மரங்கள் வந்தன: காயா, பாலை, கருங்காலி, மகிழம், வீரை. விதை பெரும்பாலும் கோயில் காடுகளில் கிடைத்தது. புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு அவற்றில் ஒன்று. சாமிக்கு அஞ்சிக் கிளை ஒடிக்காமல் விட்டது எங்களுக்கு விதைக் களஞ்சியமானது. பெயர் தெரியாத செடி முளைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க, புதுச்சேரி செயின்ட் லூயிஸ் வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் வந்தது. நகரத்தில் வீதி வீதியாக மரங்கள் சாய்ந்தன. மேட்டுநிலக் காடுகளில் அதிகம் விழுந்தவை கத்திச்சவுக்குகள். முதலில் எல்லாம் போச்சு என்றுதான் தோன்றியது. ஆனால் வெளிச்சம் விழுந்த இடங்களில் அடியில் காத்திருந்த காட்டுக் கன்றுகள் எழும்பின. இப்போது கொண்டைக்குருவியும் மரநாயும் பழம் தின்று போடுகிற விதையில் முளைப்பவற்றை நாங்கள் நட்டவற்றிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை.

இந்த மேட்டுக் காட்டுக்கும் நகரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர் சொல்லும் இந்தச் சிவப்புப் படுகை தென்கிழக்காகச் சரிந்து, கீழே கடற்கரைச் சமவெளியிலும் நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கிறது. கடலோரமாக அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும். நகரத்தின் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபமே தண்ணீருக்காகக் கட்டியதுதான். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதை இந்த ஊரில் வழங்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் நினைவாக எழுப்பிய மண்டபம் அது. தண்ணீர் மேட்டிலிருந்து வருகிறது என்பதை இந்த ஊர் கல்லில் கட்டி வைத்திருக்கிறது.

2024-இல் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர். அப்படி ஒரு மழையை எந்த வரப்பும் முழுதாகத் தடுத்துவிடாது, அதற்குத்தான் கலிங்கு. ஆனால் முற்றத்துக்கும் வாசலுக்கும் சிமென்ட் பூசிவிட்டு வெள்ளத்துக்கு வாய்க்காலை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அந்தச் சிமென்ட் தரையும் வண்டிப்பாதைப் பொருக்கும் தண்ணீருக்கு ஒன்றுதான்.

இந்த மேட்டில் கற்ற வேலை வெளியூருக்கும் போயிருக்கிறது. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் இடிபாடும் குப்பையும் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தபோது, அதற்குத் திட்டம் வகுத்தது ஆரோவிலின் பிச்சாண்டிக்குளம் குழு. அங்கேயும் கன்று நடுவதற்கு முன்னால் குப்பையை அள்ளித் தண்ணீர் நிற்க இடம் செய்தார்கள்.

மரம் நடு விழாக்களில் கன்றுகளை எண்ணுகிறோம். எண்ணுவது சுலபம், படத்துக்கும் நன்றாக இருக்கும். நின்ற தண்ணீரை யாரும் எண்ணுவதில்லை. ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் வாருங்கள், காலில் சேறு படும். வருகிறவர் மரத்தின் வயதைக் கேட்கும் முன், “இந்தச் சரிவில் தண்ணீர் எந்தப் பக்கம் போகுது?” என்று கேட்டால், அவர் கையில் அப்போதே டியூபின் ஒரு முனையைக் கொடுத்துவிடலாம். இன்னொரு முனையைப் பிடிக்க எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.